நன்றியுரை முதலில்

1

இந்தக் கதை ஒரு முணுமுணுப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முணுமுணுத்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் குறிப்பெழுத்தராக இருக்கிறார். உறுப்பினர் மாதம் ஒருமுறை பகுதி மக்களைச் சந்திக்கும் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தில் எழுதிவைப்பது அவர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாற்பது பேர் வர்றாங்க, மாப்ள. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்காங்க. யாராவது ஏதாவது சொல்லணுமான்னு கேட்டா, ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்லை. கூட்டம் முடிஞ்சதும் வாசல்ல நின்னு முக்கால் மணி நேரம் பேசறாங்க. அதே நாற்பது பேர். இது ஏன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியலை."

எனக்கும் புரியவில்லை. அன்று முழுக்க அதே யோசனை. எனக்கு இது ஒரு வியாதி. பம்ப், தையல் மெஷின், துணி துவைக்கும் மெஷின், இவற்றோடு பெட்டிக்குள் வரும் விளக்கக் கையேடுகளை எழுதித்தான் பிழைக்கிறேன். ஒன்று ஓடவில்லை என்றால் அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. இங்கே சொல்ல ஆள் இருக்கிறது, சொல்ல விஷயம் இருக்கிறது, கேட்கவும் ஆள் இருக்கிறது. மின்சாரம் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. (குழாயைக் கழற்றி வாசலில் போட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது.)

மச்சானும் சும்மா இருந்துவிடவில்லை. மைக் பயமுறுத்துகிறதோ என்று மைக்கை எடுத்துப் பார்த்தார்கள். மௌனம் இன்னும் தெளிவாகக் கேட்டது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் எதிரில் இருப்பவரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசக் கூச்சமென்றால் எழுதிப் போடட்டும் என்று ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டியில் ஒரே ஒரு சீட்டு விழுந்தது: 'மூன்றாவது மின்விசிறி சத்தம் போடுகிறது.' விசிறியைச் சரிசெய்தார்கள். அடுத்த மாதம் பெட்டி காலி.

2

கதையின் முதல் வரியை மூன்று முறை எழுதினேன். அடித்தவற்றையும் இங்கே விட்டுவைக்கிறேன். ஒரு மெஷினைப் பிரித்தால் கழன்ற திருகுகளைக் கண்ணில் படுகிற மாதிரி பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மாலை நாலு மணி வெயில் மண்டபத்தின் ஜன்னல் கம்பிகளை நீள நீளமாக… (வெயிலுக்கும் இந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.)

மக்களாட்சி என்பது… (இதற்குமேல் எழுத எனக்கே பயமாக இருந்தது.)

கடைசி வரிசையில் இரண்டாவது நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு… (நில்லுங்கள். இது உருப்படும் போலிருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவரைப் பற்றிச் சொல்வதற்குமுன் மச்சானின் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால், அவர் பேசாவிட்டால் என்ன போய்விட்டது என்று நீங்கள் கேட்பீர்கள்.)

அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு கட்டம் உண்டு: தொடங்கிய நேரம். கீழே இன்னொரு கட்டம்: முடிந்த நேரமும் உறுப்பினரின் கையெழுத்தும். இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே எழுதப்பட்டதுதான் பேச்சு. அதன் நகல்தான் அரசுத் துறைகளுக்குப் போகும். உறுப்பினர் கடைசியில் எழுந்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, குனிந்து கையெழுத்துப் போடுவார். மச்சான் புத்தகத்தை மூடி உறையில் போட்டுப் பையில் வைப்பார். அதற்கப்புறம் வாசலில் யார் எதைச் சொன்னாலும் அது காற்றோடு போயிற்று.

வாசலில் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று அன்று நான் கேட்டேன். மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தையல் மெஷினைத் தண்ணீருக்குள் போட்டு ஓட்டலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. "கையெழுத்துக்குக் கீழ எழுதினா அது கள்ளத்தனம், மாப்ள" என்றார்.

(இங்கே ஒரு சந்தேகம். மச்சான் இந்தக் கதையில் கொஞ்சம் கூடுதல் யோக்கியராக வந்துகொண்டிருக்கிறார். அவர் எங்கள் வீட்டுக் குடையை இரவல் வாங்கிப்போய் ஏழு மாதமாகிறது. அதையும் பதிவுசெய்து வைக்கிறேன்.)

3

இப்போது அந்த இரண்டாவது நாற்காலி.

அதில் உட்கார்ந்திருப்பவரை மச்சான் 'ஆறேகால் அக்கா' என்றுதான் சொல்வார். காலை ஆறேகால் பஸ்ஸில் போகிறவர். ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளும் அறுவை அறைத் துணிகளும் மலைபோல் வந்து குவியும்; அவற்றைப் பிரித்து, கொதிநீர் மெஷினில் ஏற்றி, உலர்த்தி, மடித்து அனுப்ப வேண்டும். ஏழு மணிக்குக் கையெழுத்து. ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தால் ஆறு ஐம்பதுக்குப் போய்ச் சேரலாம். அதற்கடுத்த பஸ் ஏழே முக்காலுக்கு.

ஆறு வருடம் தற்காலிக ஊழியராக இருந்தவரைச் சமீபத்தில்தான் நிரந்தரமாக்கியிருந்தார்கள். அதிலும் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். மூன்று நாள் தாமதமாக வந்தால் பழையபடி தற்காலிகம். இந்த நேரம் பார்த்து, ஆறேகால் பஸ்ஸில் கூட்டமே இல்லை, நிறுத்திவிடலாம் என்று போக்குவரத்துத் துறை முடிவெடுத்தது.

அப்படிச் சட்டென்று நிறுத்திவிட முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது, அது எனக்குப் பிடித்த மாதிரி தெளிவான முறை. தொகுதி உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டங்களில் இந்தக் கேள்வியை மக்கள் முன் வைக்க வேண்டும். ஆட்சேபம் ஏதாவது புத்தகத்தில் ஏறினால் துறை மறுபடி ஆராய வேண்டும். மூன்று கூட்டத்திலும் பக்கம் வெறுமையாக இருந்தால் பஸ் நின்றுவிடும்.

மச்சான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து முணுமுணுத்தபோது இரண்டு கூட்டங்கள் முடிந்திருந்தன. இரண்டு பக்கமும் வெறுமை. இரண்டு கூட்டத்துக்கும் ஆறேகால் அக்கா வந்திருந்தார். "ஆட்சேபம் உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?" என்று உறுப்பினர் கேட்டபோது கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் வாசலில் மச்சானைப் பிடித்துக்கொண்டு, வேலை, சோதனைக் காலம், ஏழே முக்கால் பஸ் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறார். இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே என்று மச்சான் கேட்டாராம்.

"உள்ள எல்லாரும் இருந்தாங்களே, சார்."

"வெளியிலயும் அதே ஆளுங்கதானே நிக்கிறாங்க, அக்கா?"

அக்கா திரும்பிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "ஆனா இங்க யாரும் உட்கார்ந்திருக்கலையே" என்றாராம்.

இந்த வாக்கியத்தை மச்சான் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பழுது எந்த இடத்தில் என்று அந்த அம்மாள் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார், நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் அதை ஒரு துணுக்காக எடுத்துக்கொண்டோம்.

4

கதை என் கையில்தானே இருக்கிறது, அக்காவை நானே பேசவைத்துவிட்டால் என்ன? மூன்றாவது கூட்டத்தை எழுதினேன்.

அக்கா எழுந்து நின்றார். மண்டபம் உறைந்தது. "பெரியோர்களே, இந்தப் பேருந்து வெறும் இரும்பும் கண்ணாடியும் அல்ல. அது எங்கள் உழைப்பின்…"

என் மனைவி எதற்கோ அந்தப் பக்கம் வந்தவள், தோளுக்கு மேலாகப் படித்தாள். படித்துவிட்டு, "இவங்க சலவை வேலைக்குப் போறவங்களா, பேச்சுப் போட்டியில கோப்பை வாங்க வந்தவங்களா?" என்று கேட்டாள்.

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்த முறை அக்கா எழுந்தார், குரல் நடுங்கியது, இரண்டே வாக்கியம் பேசினார், எல்லாரும் கைதட்டினார்கள். மனைவி அதையும் படித்தாள். "கைதட்டறதுக்கு முன்னாடி பேசணும்ல? பேசறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். ஏன் எழுந்திருக்கிறாங்க? போன ரெண்டு தடவை எழுந்திருக்கலை, இப்ப என்ன புதுசா?"

நான் எழச் சொன்னதால் எழுந்தார், அவ்வளவுதான். என் அக்கா சாவி கொடுத்த பொம்மை. நிஜ அக்கா அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார், மூன்றாவது பக்கமும் வெறுமையாகப் போவதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

5

எனவே கதை இத்துடன் முடிகிறது. முடிக்கத் தெரியவில்லை என்பதால் முடிகிறது. இதுவரை பொறுமையாகப் படித்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.

6

இன்னும் கிளம்பவில்லையா? நல்லது. கொஞ்சம் இப்படி வாசல் பக்கமாக வாருங்கள்.

நான் கதையை மூடி வைத்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சான் மறுபடி சாப்பிட வந்தார். முந்தைய நாள்தான் மூன்றாவது கூட்டம் நடந்திருந்தது. எப்படிப் போயிற்று என்று கேட்டேன். "ம், போச்சு" என்றார். சாப்பிட்டார். கை கழுவினார். என் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு விஷயமும் வரவில்லை.

பிறகு எழுந்து, "சரி, கிளம்பறேன்" என்று சொல்லி, செருப்பை மாட்டி, வெளிக்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தவர், அங்கேயே நின்றுகொண்டு, "மாப்ள, நேத்து என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். இனி வருவது முழுக்க அந்தக் கதவடியில் நின்று கேட்டது.

போன தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போன சில நாளில், அலுவலகத்தில் அந்த இரண்டு வெற்றுப் பக்கங்களையும் திறந்து வைத்துக்கொண்டு உறுப்பினரும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்களாம். உறுப்பினரைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. அரசியலுக்கு வருவதற்குமுன் அவர் பல் மருத்துவர். இன்றும் தொகுதியில் பாதிப் பேர் அவரை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"பதினெட்டு வருஷம், வாயைத் திறங்கன்னா திறந்தாங்க" என்று அவர் சலித்துக்கொண்டாராம். "ஓட்டுப் போட்டு உட்கார வச்சப்புறம் எனக்கு முன்னாடி வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் ஆறேகால் அக்கா சொன்ன வேடிக்கையையும் சொல்லிவைத்தார்: வாசலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே என்பது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

பல் மருத்துவரின் நாற்காலியிலும் இதேதான் நடக்கும் என்று அவர் விளக்கினாராம். சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது எங்கே வலிக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை டாக்டர் என்பார்கள். முடிந்தது, எழுந்திருங்கள் என்று சொல்லி, ஒரு கால் தரையில் பட்ட பிறகுதான், டாக்டர், இந்தப் பக்கம் ஒரு பல் மூன்று மாதமாக, என்று இழுப்பார்கள். கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பரீட்சை எழுதுகிறவர். எழுந்து நிற்பவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்கிறவர். போகிற போக்கில் சொல்வதற்குத் தைரியம் வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் போய்விடலாம்.

"அது தெரிஞ்சப்புறம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? முடிஞ்சதுன்னு சீக்கிரமே சொல்ல ஆரம்பிச்சுட்டேன்."

"அது ஏமாத்தறது இல்லையா, மேடம்?"

"கையுறையைக் கழட்ட மாட்டேன். அதைப் பார்க்கிற யாருக்கும் தெரியும், நான் இன்னும் முடிக்கலைன்னு."

மச்சான் அன்று வீட்டுக்குப் போகாமல் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். (இந்த இடத்தை அவர் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பை எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது. அலமாரியின் அடித்தட்டில் சரியான அளவில் ஒரு திருகு கிடைத்தவனின் முகம்.) நன்றியுரையோடு கூட்டம் முடிகிறது என்று எந்த விதியிலும் இல்லை. விதியில் இருந்தது இதுதான்: உறுப்பினர் நேரம் குறித்துக் கையெழுத்திட்டதும் கூட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படும். நன்றி சொன்னவுடனே கையெழுத்துப் போடுவது வெறும் பழக்கம். இத்தனை வருடமாக எல்லாருமாகச் சேர்ந்து இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நன்றியை முதலில் சொல்லிவிட்டுக் கையெழுத்தைக் கடைசியில் போடலாம். நடுவில் கிடைப்பது வாசல். மச்சான் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: அங்கே சொல்வது எழுதப்படும் என்பது வருகிற எல்லாருக்கும் தெரிய வேண்டும். ஓர் அட்டையில் தானே கொட்டை எழுத்தில் எழுதினார்: 'நன்றி சொல்லியாகிவிட்டது. புத்தகம் இன்னும் திறந்திருக்கிறது.'

7

சனிக்கிழமை நாலு மணி. அதே மண்டபம், அதே நாற்பது பேர். கடைசி வரிசை இரண்டாவது நாற்காலியில் அக்கா. போக்குவரத்துத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மூன்றாவது கூட்டத்துக்கு யாராவது வந்தாக வேண்டும் என்பது முறை. வாசலுக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு மேஜை. அதன்மேல் புத்தகம், அட்டை, தேநீர்க் குடுவை, ஒரு தட்டில் பிஸ்கட்.

டாக்டரம்மா பஸ் விஷயத்தைப் படித்தார். நாலு ஐந்துக்கு எழுந்து, "எல்லாருக்கும் நன்றி. என் பேச்சு முடிஞ்சது. கையெழுத்து இன்னும் போடலை, புத்தகம் வாசல்கிட்ட இருக்கு. கிளம்பறவங்க கிளம்பலாம்" என்றார்.

யாரும் அசையவில்லை.

வலிக்காது என்று சொல்கிற மருத்துவரைப் பார்ப்பதுபோல எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விதி சரி, மேஜை சரி, அட்டை சரி, ஆனாலும் ஓடவில்லை.

மூலையில் மண்டபக் காவலாளி நின்றுகொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் அறுபது நாற்காலிகளையும் மடக்கிச் சுவரோடு சாய்ப்பது அவர் வேலை. ஆறு மணிக்கு அதே மண்டபத்தில் கராத்தே வகுப்பு. அவர் மச்சானிடம் வந்து காதோடு கேட்டார்.

"சார், முடிஞ்சிருச்சா இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"முடிஞ்ச மாதிரிதான்" என்றார் மச்சான்.

காவலாளிக்கு அது போதும். நேராக முன்வரிசைக்குப் போனார், காலியாக இருந்த ஒரு இரும்பு நாற்காலியைத் தூக்கினார், மடக்கினார். டப். இன்னொன்று. டப். (மச்சான் எங்கள் வெளிக்கதவில் கையால் அடித்துக் காட்டினார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.) மூன்றாவது டப்புக்கு நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. யோசித்துப் பாருங்கள். நன்றி என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை; நன்றி சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசுகிறவர்களை நாம் நிறையப் பார்த்தாகிவிட்டது. மடங்கும் நாற்காலியை எல்லாரும் நம்புகிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கால் தானாக எழுகிறது, கால் எழுந்தால் வாய் திறக்கிறது. டாக்டரம்மா கண்டுபிடித்தது முக்கால் பங்கு. மிச்சக் கால் பங்கு காவலாளியின் கையில் இருந்தது, அது அவருக்கே தெரியாது.

எழுந்தவர்கள் வாசலை நோக்கி நகர்ந்தார்கள், வாசலில் வழக்கம்போல் தேங்கினார்கள். அட்டையைப் படித்தார்கள். அந்தப் பகுதியில் பேக்கரி வைத்திருப்பவர்தான் முதலில் சிரித்தது.

"என்ன டாக்டரம்மா, நாடகமா?"

"ஆமா" என்றார் டாக்டரம்மா.

"அப்ப சரி. எழுதிக்குங்க சார்" என்று மச்சான் பக்கம் திரும்பி, தன் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து ஒழுகும் கதையை ஆரம்பித்துவிட்டார்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அவருக்குத் தெரியும், இது ஒரு ஏற்பாடு. எல்லாருக்கும் தெரியும், அட்டையிலேயே எழுதியிருக்கிறது. தெரிந்தும் அது வேலை செய்தது. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அப்புறம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தோன்றியது. மச்சான், அக்கா, காவலாளி எல்லாம் நான் உண்டாக்கிய ஆட்கள் என்று உங்களுக்கு முதல் பக்கத்திலிருந்தே தெரியும். ஐந்தாம் பகுதியில் நான் சொன்ன வணக்கத்தை நீங்களும் நம்பவில்லை. இருந்தாலும் அந்த பஸ் என்ன ஆயிற்று என்று பார்க்க இதோ நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

ஆறேகால் அக்கா எல்லாருக்கும் பின்னால் வந்தார். கைப்பை தோளில், ஒரு கால் வாசற்படிக்கு வெளியே.

"நேரமாச்சு சார், நான் போறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும்."

அந்த ஒன்று பதினோரு நிமிடம். மச்சான் எழுத எழுத, அக்கா வேலையைச் சொன்னார், சோதனைக் காலத்தைச் சொன்னார், ஏழே முக்காலுக்கு வரும் பஸ்ஸைச் சொன்னார். பக்கத்தில் நின்று தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்த அதிகாரி, மரியாதையாகவே குறுக்கிட்டார்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா அந்த பஸ்ல தினம் எட்டு டிக்கெட், ஒன்பது டிக்கெட்தான் போகுது. கணக்கு என்கிட்ட இருக்கு."

அக்கா அவரை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"டிக்கெட்டா? நாங்க எதுக்கு சார் டிக்கெட் எடுக்கணும்? எல்லார்கிட்டயும் மாசப் பாஸ் இருக்கே."

"எல்லார்னா… எத்தனை பேர்?"

"உட்கார்றவங்களை நான் எண்ணினதில்லை. நிக்கிறவங்க பத்துப் பேர் இருப்போம்."

அதிகாரியின் பிஸ்கட் பாதி ஒடிந்து தேநீருக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

விஷயம் இதுதான், மிக எளிமையானது. நடத்துநரின் கையில் இருக்கும் சின்ன மெஷின் டிக்கெட் அச்சடித்துக் கொடுக்கும்போதுதான் ஒரு ஆளைக் கணக்கில் சேர்க்கிறது. பாஸ் வைத்திருப்பவர் அதைத் தூக்கிக் காட்டுவார், நடத்துநர் தலையாட்டுவார். எதுவும் அச்சாகாது. எப்போதாவது ஒருமுறை வருகிறவர் மெஷினுக்கு ஒரு ஆள்; தினம் வருகிறவர் அதற்கு வெறும் காற்று. அதிகாலை பஸ்ஸில் வருகிறவர்கள் முக்கால்வாசி தினம் வருகிறவர்கள். துறையில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. பஸ்ஸில் ஒருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைக் கூட்டத்தில் எழுந்து நின்று யார் சொல்வார்கள்?

அதற்குள் அங்கே நின்றவர்கள் பைகளைத் துழாவ ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கூடச் சமையல்காரர் தன் பாஸை எடுத்து நீட்டினார். சந்தைக்குப் போகிறவர்கள் நீட்டினார்கள். பேக்கரிக்காரரின் மனைவி, பிளாஸ்டிக் உறை கிழிந்த ஒன்றை, "போட்டோவைப் பார்க்காதீங்க" என்று சொல்லி நீட்டினார். அதிகாரியின் மூக்குக்கு நேராகப் பதினேழு பாஸ்கள். எண்ணியவர் அவரேதான், இரண்டு முறை. பிறகு மச்சானிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினார்: பயணிகளை ஆள் வைத்து எண்ண வேண்டும், அதுவரை சேவை தொடரும்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டபோது மணி ஐந்து ஐம்பத்தெட்டு. சீருடையில் உள்ளே வந்த கராத்தே மாஸ்டர் என்ன கூட்டம் என்று விசாரித்து, விஷயம் தெரிந்ததும் சட்டைக்குள் கைவிட்டுத் தன் பாஸையும் எடுத்துக் காட்டினாராம். இரண்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் பதினெட்டு. மச்சானுக்கு அதில் இன்னும் வருத்தம்.

8

என் மனைவி கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இதை ஏண்ணா சாப்பிடறப்போ சொல்லலை?" என்றாள். மச்சான் யோசித்தார். "நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்களே" என்றார்.

ஆள் வைத்து எண்ணினார்கள். ஒரு வாரம், தினமும். சராசரி நாற்பத்து மூன்று. நானும் ஒரு நாள் வேண்டுமென்றே ஆறேகால் பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன், நின்றுகொண்டேதான் போனேன். கைப்பையோடு இரண்டு வரிசை தள்ளி நின்றிருந்த பெண், பக்கத்தில் இருந்தவரிடம் ஏறியது முதல் இறங்கும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அவர்தான் அக்கா என்று எனக்குத் தோன்றியது. கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அக்கா இப்போது கூட்டத்தில் எழுந்து பேசுகிறாரா என்று நீங்கள் கேட்கலாம். அப்படி ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன்: அடுத்த மாதம் அக்கா முதல் வரிசையில்… (அடித்துவிட்டேன்.) அக்கா இன்றும் கடைசி வரிசை இரண்டாவது நாற்காலியில்தான் உட்கார்கிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை, காவலாளி எப்போது முன்வரிசைக்குப் போவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு முடிவில் காவலாளிக்குப் பாராட்டு விழா நடந்தது. விழா என்றால் நாற்காலி போட வேண்டும், அதையும் அவர்தான் போட வேண்டும் என்பதால் கைவிட்டேன். மூன்றாவது முடிவில் மச்சான் குடையைத் திருப்பிக் கொடுக்கிறார். அதை நானே நம்பவில்லை.

ஆகவே முடிந்த நேரம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டுவைக்கிறேன். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்குத் தெரிந்த முடிவு ஏதாவது இருந்தால் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போங்கள். இதற்குக் கீழே இடம் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூட்டம் பேசாமல் உட்கார்ந்திருந்தால், செய்ய வேண்டியது இது. நன்றியை முதலில் சொல்லுங்கள். உடனே நாற்காலிகளை மடக்கத் தொடங்குங்கள். புத்தகத்தை எல்லாரும் பார்க்கும்படி வாசலில் திறந்து வையுங்கள். கடைசி ஆள் போன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.